பதிவாகாத பதினேழு

அலுவலகத்தில் அவளை எல்லோரும் நோண்டி என்றுதான் கூப்பிட்டார்கள். பத்து வருடங்களுக்கு முன்னால் யாரோ வயிற்றெரிச்சலில் வைத்த பெயர். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நோண்டி நோண்டி, அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து மேசையில் கொண்டுவந்து போட்டால் எழுதியவனுக்கு எரியாதா? முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள். கடைசியில் அவளே போனை எடுத்து, "நோண்டி பேசுறேன், சொல்லுங்க" என்று சொல்லும் அளவுக்குப் பழகிப்போனது.

அந்தக் கம்பெனி செய்து விற்றது ஒரே ஒரு பொருள்தான், சின்னதாக ஒரு டேட்டாபேஸ் இன்ஜின். பெரிய கம்ப்யூட்டரில் தனியாகக் கால் நீட்டி உட்காரும் ரகம் கிடையாது. லிஃப்ட், தண்ணீர் மீட்டர், ஆஸ்பத்திரிக் கருவி என்று சிறிய சிறிய இயந்திரங்களின் வயிற்றுக்குள் அடங்கி உட்கார்ந்துகொண்டு, அந்த இயந்திரம் எதை எப்போது செய்தது என்று குறித்து வைத்துக்கொள்ளும். கேட்டால் திருப்பிச் சொல்லும். அந்த மாதிரி இயந்திரங்களில் மெமரி என்பது ஒற்றை அறை வீட்டு அலமாரி மாதிரி. எப்போது இடம் தீரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஒரு பதிவை எழுதி முடிப்பதற்குள் இன்ஜின் நூறு தடவையாவது "கொஞ்சம் இடம் கொடு" என்று கேட்கும். "இல்லை" என்று பதில் வந்தால் பதறக் கூடாது. அதுவரை வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய பதிவுகளைக் கலைக்காமல், "என்னால் எழுத முடியவில்லை" என்று ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்த "இல்லை"யைச் சொல்வதுதான் நோண்டியின் வேலை. அவள் எழுதி வைத்திருந்த சோதனைப் புரோகிராம், இன்ஜின் முதல் முறை இடம் கேட்கும்போது மறுக்கும். என்ன நடக்கிறது என்று பார்க்கும். மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டு இரண்டாவது முறை கேட்கும்போது மறுக்கும். பிறகு மூன்றாவது. இப்படியே பல்லாயிரம் வரை. அதிலும் இரண்டு விதம் உண்டு. ஒருமுறை மறுத்துவிட்டு அதன்பின் கேட்டதற்கெல்லாம் மறுத்துக்கொண்டே இருப்பது ஒன்று. ஒரே ஒருமுறை மட்டும் மறுத்துவிட்டு, அடுத்த நொடியே ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவது இன்னொன்று.

அந்த வாரம் அவள் மனம் வேலையில் இல்லை. விளம்பரப் பலகை மாட்டும் வேலை செய்யும் தம்பி திங்கட்கிழமை ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை வார்டுக்குக் கொண்டுவந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பம்பை மாட்டினார்கள். அதில் ஒரு பெரிய சிரிஞ்ச் நிறைய வலி மருந்து. அதிலிருந்து ஒரு வயர் இறங்கி, நுனியில் ஒரு பொத்தான். வலி தாங்க முடியாதபோது தம்பியே அதை அமுக்கினால் ஒரு மில்லி மருந்து உள்ளே போகும். அதற்கப்புறம் பத்து நிமிடத்துக்கு எத்தனை தடவை அமுக்கினாலும் பம்ப் அசையாது. கடைசியாக எப்போது கொடுத்தோம் என்று தன் பதிவைப் பார்த்துவிட்டு, "இன்னும் நேரமாகவில்லை" என்று சும்மா இருந்துவிடும்.

பம்பின் பக்கவாட்டில் இருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் நோண்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர்களுடைய இன்ஜினை வாங்குகிறவர்களில் அந்தக் கம்பெனியும் ஒன்று.

"அம்மா, இதுக்குள்ள இருக்கறது நாங்க செஞ்சதும்மா. நானே டெஸ்ட் பண்ணினது."

அம்மா பம்பைத் தொட்டுப் பார்த்தாள். "நிஜமாவா பாப்பா? கூடக்குறைய போயிடாதே?"

"நூறு தடவை அமுக்கினாலும் போகாதும்மா. கணக்கா குடுக்கும்."

நாற்பது வயதாகும் மகளை இன்னும் பாப்பா என்று கூப்பிடும் அந்த அம்மா, அடுத்த அரைமணி நேரத்தில் வார்டிலிருந்த எல்லோரிடமும் இந்தச் செய்தியைச் சொல்லி முடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியை எட்டிப் பார்க்காமல் நேரே அலுவலகத்துக்கு வந்திருந்தாள் நோண்டி. இன்ஜினின் அடுத்த பதிப்பு வெளிவர இருந்தது. இந்தத் தடவை இரண்டு விதச் சோதனைகளையும் முழுசாக ஓட்ட வேண்டும் என்று போன வாரமே முடுக்கிவிட்டிருந்தாள். காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபோது மணி பதினொன்று. பச்சை வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு வரி. ஆறாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாவது மறுப்பு. "எழுதியாயிற்று என்று சொன்ன பதிவுகள் நாற்பது, இருப்பவை முப்பத்தொன்பது."

முதலில் அவள் பயப்படவில்லை. தன் சோதனையில்தான் ஏதோ எண்ணிக்கைப் பிசகு என்று நினைத்தாள். அந்த ஒன்றை மட்டும் திரும்ப ஓட்டினாள். நாற்பது, முப்பத்தொன்பது. பதிவுகளைக் கையால் எண்ணினாள். முப்பத்தொன்பது. வேறு கம்ப்யூட்டரில் ஓட்டினாள். முப்பத்தொன்பது.

எழுத முடியாமல் போவது பெரிய விஷயமில்லை. எழுதாமலேயே "எழுதிவிட்டேன்" என்று சொல்வது பெரிய விஷயம்.

"தாடி, கொஞ்சம் இங்க வாங்களேன்."

மெமரி சம்பந்தப்பட்ட பகுதியை எழுதியவர் எதிர் மேசையில் இருந்தார். மார்பு வரை தொங்கும் தாடியைக் கோதிக்கொண்டே வந்தார். "என்னம்மா நோண்டி, வந்ததும் வராததுமா யார் குடியைக் கெடுக்கப் போற?"

அவள் திரையைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தான் எழுதிய பக்கங்களைத் திறந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே போனார். தாடி பத்து நிமிடம் பேசாமல் இருந்து நோண்டி பார்த்ததே இல்லை.

"இங்க பாரு," என்றார் கடைசியில். குரல் இறங்கிப்போயிருந்தது. "இடம் இல்லன்னு வந்ததும் 'தோத்துப் போச்சு'ன்னு ஒரு குறிப்பு வைக்கிறேன். அப்புறம் வாங்கினதையெல்லாம் திருப்பிக் குடுக்கற வேலை நடக்குது. அந்த வேலை நல்லபடியா முடிஞ்சதும் 'சரியா முடிஞ்சது'ன்னு அதே இடத்துல எழுதிடறேன். முதல் குறிப்பு அழிஞ்சு போகுது."

"அப்போ தொடர்ந்து மறுத்துக்கிட்டே இருந்தா?"

"திருப்பிக் குடுக்கற வேலையும் தோத்துடும். குறிப்பு அப்படியே நிக்கும். தப்பு வெளிய தெரிஞ்சிடும். ஒரே ஒரு தடவை மட்டும் மறுத்தாத்தான் இப்படி."

"எப்பலருந்து இது இருக்கு?"

தாடி தேதியைத் தேடினார். "போன வருஷம். போன வருஷப் பதிப்புல நான்தான் மாத்தினேன்."

போன வருடப் பதிப்பைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் நோண்டிதான். தொடர்ந்து மறுக்கும் சோதனையை முழுக்க ஓட்டினாள். ஒருமுறை மட்டும் மறுக்கும் சோதனையை ஐயாயிரம் வரைதான் ஓட்டினாள். இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்கும் வேலைக்கு மூன்று நாள் கொடுத்திருந்தார்கள். ஐயாயிரம் வரை ஒரு சிவப்பும் வரவில்லையே, இனிமேலா வரப்போகிறது என்று விட்டுவிட்டாள். படிவத்தில் "முழுமையாகச் சோதிக்கப்பட்டது" என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். ஆறாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு அவளுக்காக அங்கேயே காத்துக் கிடந்திருக்கிறது.

"பம்புல இருக்கறது எந்தப் பதிப்பு?" என்று கேட்டாள். பதில் அவளுக்கே தெரியும்.

"அதேதான்."

"அந்தப் பம்புல மெமரி எவ்வளவு? எப்போ தட்டுப்பாடு வரும்?"

தாடி காகிதத்தில் கிறுக்கினார். "புதுசா மாட்டினா ஒண்ணும் ஆகாது. பதிவுகள் சேரச் சேரத்தான் இடம் இறுகும். நிறுத்தாம ஓடினா ரெண்டு நாள், ரெண்டேகால் நாள். அப்புறம் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் ஒருமுறை இடம் கிடைக்காம மாட்டும். எழுதினேன்னு சொல்லும், எழுதியிருக்காது." பேனாவை வைத்தார். "அடுத்த தடவை பொத்தானை அமுக்கினா, கடைசியா எப்போ குடுத்தோம்னு பார்க்கும். பழைய பதிவுதான் இருக்கும். நேரமாயிடுச்சுன்னு நினைச்சுக் குடுத்துடும்."

பம்பை மாட்டியது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. அவள் விரல்விட்டு எண்ணினாள். ஐம்பது மணி நேரம் தாண்டிவிட்டது.

போனை எடுத்து, அவசரத்தில் இரண்டு முறை தவறான எண்ணை அமுக்கினாள். மூன்றாவது முறை அம்மா எடுத்தாள். குசுகுசுவென்று பேசினாள்.

"மெதுவாப் பேசு பாப்பா. தம்பி தூங்கறான்."

"எப்பலருந்தும்மா?"

"ஒம்பதரை இருக்கும். ரெண்டு நாளா கண்ணை மூடாத பிள்ளை, இப்பதான் அசந்து தூங்கறான். அப்படி ஒரு தூக்கம். குறட்டை கூட இல்ல."

"தூங்கறான்னா பொத்தானை யாரும் அமுக்கலைதானே?"

"நான்தான் அமுக்கறேன்," என்றாள் அம்மா, உதவி செய்த பெருமையோடு. "தூக்கத்துல முதல்ல முனகினான். வலியில முழிச்சுக்கப் போறானேன்னு அப்பப்போ அமுக்கி விடறேன். நீதானே சொன்ன, எத்தனை தடவை அமுக்கினாலும் கணக்காத்தான் போகும்னு?"

"அம்மா! அமுக்காதம்மா! கையை எடும்மா! அவனை எழுப்பு, உடனே எழுப்பு!"

"ஏன்டி கத்தற? எழுப்பறதாவது! பெத்தவளுக்கு மனசு வருமா? நீ ஆபீஸ்ல இருந்துக்கிட்டு அங்கருந்தே எல்லாத்துக்கும் பதறு. சாயங்காலம் வா, பேசிக்கலாம்."

போன் வைக்கப்பட்டது. திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொள்வானே என்று அம்மா ஒலியைக் குறைத்துப் பைக்குள் போட்டிருப்பாள். ஆஸ்பத்திரி எண்ணைக் கூப்பிட்டாள். "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் புல்லாங்குழல் வாசிக்க ஆரம்பித்தது.

புல்லாங்குழலைக் காதில் வைத்துக்கொண்டே மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள். தாடி பின்னாலேயே வந்து, நடந்ததை நாலு வரியில் சொன்னார். மேனேஜர் கெட்டவர் இல்லை. எதையும் எழுத்தில் கேட்டே பழகியவர்.

"உறுதியாத் தெரியுமா? முதல்ல பம்ப் கம்பெனிக்கு முறைப்படி ஒரு மெயில் போடுவோம். நாம நேரா ஆஸ்பத்திரிக்குள்ள போய் பீதியைக் கிளப்பினா, நாளைக்கு ஒண்ணுமில்லன்னு ஆச்சுன்னா..."

"சார், என் தம்பி அந்தப் பம்புலதான் சார் இருக்கான். இப்போ. எழுந்திருக்க மாட்டேங்கறான்."

மேனேஜர் எழுந்து நின்றார். "கிளம்பு. தாடி, நீயும் போ. நான் பம்ப் கம்பெனியைப் பிடிக்கறேன். போன்லயே பிடிக்கறேன்."

தாடியின் மோட்டார்பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனது எத்தனை நிமிடம் என்று அவளுக்குத் தெரியாது. புல்லாங்குழல் ஒரு தடவை நின்று, ஒரு பெண் "எந்தப் பிரிவு?" என்று கேட்டாள். "மூணாவது மாடி எலும்பு வார்டு" என்று கத்துவதற்குள் பஸ் ஒன்று காதைப் பிளக்கிற மாதிரி ஹாரன் அடித்தது. மீண்டும் புல்லாங்குழல். ஒவ்வொரு சிக்னலிலும் தாடி, "மாறு, மாறு, மாறித் தொலை" என்று சிவப்பு விளக்கைத் திட்டிக்கொண்டே வந்தார். அவள் மனசுக்குள் அம்மாவின் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது. அன்பாக, பதமாக, பொத்தானின் மேல் இறங்குகிற விரல். ஓர் அமுக்கலுக்கு ஒரு மில்லி.

வலி மருந்து அதிகமானால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பம்ப் கம்பெனி கொடுத்த காகிதங்களில் படித்திருந்தாள். முதலில் தூக்கம் ஆழமாகும். பிறகு மூச்சு வாங்குவதே உடம்புக்கு மறந்துபோகும். சத்தம் இருக்காது, துடிப்பு இருக்காது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு நிம்மதியாகத் தூங்குகிற மாதிரிதான் தெரியும்.

லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது. அவள் படியில் ஓடினாள். இரண்டாவது மாடியில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது, விட்டுவிட்டு ஓடினாள். வார்டு அமைதியாக இருந்தது. ஜன்னல் வழியே வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. அம்மா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் தம்பியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் பொத்தான்.

"என்ன பாப்பா இது, ஒத்தைச் செருப்போட?"

நோண்டி பொத்தானைப் பிடுங்கித் தூர எறிந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. மார்பு ஏறவில்லை. அவள் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு, ஒன்பது. ஒரு சின்ன மூச்சு, வேண்டா வெறுப்பாக உள்ளே போய் வந்தது. மறுபடியும் ஒன்றுமில்லை.

"டேய்! டேய் எழுந்திரு! கண்ணைத் திறடா!" தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஐயோ, உலுக்காதடி, கால்ல கம்பி..." அம்மாவின் குரல் பாதியிலேயே நின்றுவிட்டது. மகனின் கன்னத்தை அவளும் தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள். "கண்ணா? கண்ணா, அம்மாடா..."

நோண்டி பம்பின் நிறுத்தும் பட்டனை அழுத்தினாள். அது போதாது என்று தோன்றியது. அந்த இயந்திரம் சொல்லும் எதையும் அவளால் இனி நம்ப முடியாது. தம்பியின் கைக்குப் போகும் குழாயில் இருந்த பிளாஸ்டிக் கவ்வியைத் தேடிப் பிடித்து இறுக்கி மூடினாள். அதற்குள் வாசலில் தாடியின் குரல் கட்டிடமே அதிரக் கேட்டது. "சிஸ்டர்! யாராவது வாங்க! மூச்சு நிக்குது!"

ஓடி வந்த நர்ஸ் முதலில் நோண்டியைத்தான் பார்த்தார். "நீங்க யாரு? மெஷினைத் தொடாதீங்க! தள்ளுங்க!"

"மருந்து அதிகமாப் போயிடுச்சு சிஸ்டர். மெஷின் தப்பு. கணக்கை விட்டுடுச்சு."

நர்ஸ் திரையைப் பார்த்தார். "நாலு தடவைதான் போயிருக்கு. எட்டு மணிக்கு நான்தான் புது சிரிஞ்ச் மாட்டினேன். அம்பதுல நாலு போச்சு, மிச்சம் நாப்பத்தாறு."

"திரையைப் பார்க்காதீங்க. சிரிஞ்சைப் பாருங்க."

நர்ஸ் குனிந்து கண்ணாடி மூடிக்குள் இருந்த சிரிஞ்சின் கோடுகளைப் பார்த்தார். இருபத்தொன்பது. நாலு மணி நேரத்துக்குள், யாருக்கும் தெரியாமல், எங்கும் பதிவாகாமல், பதினேழு மில்லி தம்பியின் ரத்தத்துக்குள் போயிருந்தது.

அதன்பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சுவரில் இருந்த அவசர மணியை அடித்தார். கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்தி, தம்பியின் தாடையைத் தூக்கிப் பிடித்து, பலூன் மாதிரி ஒன்றை வாயில் பொருத்தி மூச்சை அமுக்கி உள்ளே அனுப்பினார். டாக்டர் வந்தார். இன்னொரு நர்ஸ் தட்டோடு ஓடி வந்தார். மருந்தை முறிக்கிற ஊசி ஏறியது. கட்டிலைச் சுற்றித் துணித் திரையை இழுத்து மூடினார்கள். அம்மாவும் மகளும் திரைக்கு வெளியே நின்றார்கள்.

உள்ளே பலூன் அமுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. புஸ். புஸ். அம்மா திரைத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவை நோண்டியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். எதையோ கேட்க வந்து, கேட்காமலே மறுபடியும் திரையைப் பார்த்துக்கொண்டாள். ஒரு நிமிடம் போயிற்று. இன்னொரு நிமிடம். "இன்னொரு ஊசி" என்றார் டாக்டர். நோண்டி சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

திடீரென்று உள்ளே ஒரு அலறல். "அம்மா! ஐயோ, என் காலு! எந்தப் பாவிடா என் காலைத் தொட்டது!"

முறிவு ஊசி வலி மருந்தையும் சேர்த்து முறித்துவிட்டிருந்தது. உடைந்த எலும்பின் வலி மொத்தமும் ஒரே நேரத்தில் திரும்பி வந்து, தம்பி வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டினான். டாக்டரைத் திட்டினான், ஏணியைத் திட்டினான், ஏணியைக் கண்டுபிடித்தவனைத் திட்டினான். நோண்டி தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு இனிமையான வசவை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆனால் பயம் அதோடு விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து தலைமை நர்ஸிடம் போனாள்.

"இந்த மாதிரி பம்ப் இன்னும் எத்தனை இருக்கு?"

"பதினொண்ணு."

"ரெண்டு நாளைக்கு மேல ஓடறது எத்தனை?"

தலைமை நர்ஸ் அவளை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். அப்புறம் இரண்டு நர்ஸ்களைக் கூப்பிட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். நோண்டியும் தாடியும் பின்னால் ஓடினார்கள். கட்டில் கட்டிலாகப் போய்த் திரையையும் சிரிஞ்சையும் ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு கட்டிலுக்குப் போகும்போதும் நோண்டி முதலில் பார்த்தது படுத்திருப்பவரின் மார்பைத்தான். ஏறுகிறதா? ஏறுகிறது. அடுத்தது. நான்காவது மாடியில் ஒரு வயதான மனிதருக்கு மூன்று மில்லி கூடுதலாகப் போயிருந்தது, அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "என்னம்மா, எல்லாரும் கூட்டமா வந்து என்னையே பார்க்கறீங்க?" என்றார். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பதினொன்றையும் கழற்றினார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் நர்ஸ்கள் கையாலேயே ஊசி போட்டார்கள்.

அவள் திரும்பி வந்தபோது தம்பி ஆக்ஸிஜன் முகமூடியோடு விழித்துக்கொண்டு படுத்திருந்தான். அம்மா நாற்காலியில் இல்லை. வராந்தாக் கோடியில், இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, நான்தானா?"

நோண்டி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் கையாலயே என் பிள்ளையை..."

"இல்லம்மா. அது குடுத்திருக்கக் கூடாது. யார் அமுக்கினாலும் குடுத்திருக்கக் கூடாது." அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதைச் சோதிச்சுப் பார்க்க வேண்டியவ நான். பாதி பார்த்துட்டு முழுசும் பார்த்தேன்னு எழுதிக் குடுத்தேன். உன்கிட்டயும் வந்து பெருமை பேசினேன்."

அம்மா திட்டியிருந்தால் நோண்டிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அம்மா மகளின் வெறுங்காலைப் பார்த்தாள். "போய்ச் செருப்பைத் தேடு. கண்ணாடி கிண்ணாடி குத்திடப் போகுது" என்று மட்டும் சொன்னாள்.

மேனேஜர் சொன்னபடியே போனில் பம்ப் கம்பெனியைப் பிடித்துவிட்டார். முதலில் எடுத்தவர் மெயில் அனுப்பச் சொன்னாராம். அடுத்தவரும் அதையே சொன்னாராம். வாழ்நாளில் முதல் தடவையாக மேனேஜர் குரலை உயர்த்தினார் என்று அலுவலகத்தில் பின்னாட்களில் பேசிக்கொண்டார்கள். அன்று மாலை நாலு மணிக்குள், அந்தப் பம்பை இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது என்று எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் எச்சரிக்கை போனது. தாடி செய்த திருத்தம் மூன்றே வரி. எழுத அரைமணி நேரம் ஆனது. இரண்டு விதத்திலும், கடைசி எண் வரை, நோண்டி அதைச் சோதித்து முடிக்கப் பதினெட்டு நாள் ஆனது. நடுவில் யாரும் "எப்போ முடியும்?" என்று கேட்கவில்லை.

விசாரணையில் நீள மேசைக்கு எதிரே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். போன வருடப் படிவத்தை அவள் முன்னால் நகர்த்தி வைத்தார்கள்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"முழுமையாச் சோதிச்சதா டிக் போட்டிருக்கீங்க."

"போட்டேன். பாதிதான் சோதிச்சேன். நேரம் பத்தலைன்னு அப்போ யார்கிட்டயும் சொல்லலை. சொல்லியிருக்கணும்."

தாடி எழுந்து, தப்பான வரியை எழுதியவன் தான் என்றார். மேனேஜர், மூன்று நாள் கெடு கொடுத்தவன் தான் என்றார். அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருக்கலாம் என்று சில சமயம் அவளுக்குத் தோன்றும்.

தம்பி இரண்டு மாதத்தில் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தான். "எங்கக்கா என்னைக் கொல்லவும் பார்த்தா, காப்பாத்தவும் பார்த்தா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அம்மா சிரிக்க மாட்டாள். ஆஸ்பத்திரிக்குக் காலைக் காட்டப் போகும்போது லிஃப்டில் ஏறினால் மாடி எண்ணை அவள் அமுக்குவதில்லை. யாராவது வந்து அமுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று தம்பி போனில் சொன்னான்.

வருடக் கடைசியில் பம்ப் கம்பெனியிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. அந்தப் பதிப்பு வந்ததிலிருந்து, அந்தப் பம்ப் மாட்டியிருந்தபோது காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறந்தவர்கள். ஏழு பேர். பெயர் இல்லை. வயதும், வார்டும், பம்ப் ஓடிய நேரமும் மட்டும். அதில் மூன்று பேருக்கு ஐம்பது மணி நேரத்துக்கு மேல். இயந்திரக் கோளாறு காரணமா என்ற கேள்விக்கு நேராக, "சொல்ல இயலாது, பம்பின் பதிவில் கூடுதல் மருந்து எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தது.

அவள் அந்தக் காகிதத்தைத் தாடியின் மேசைக்கு எடுத்துப் போனாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பதிவுல எப்படி இருக்கும் தாடி?" என்றாள். "பதிவாகாததுதானே தப்பே."

அவள் திரும்பி வந்து மூன்று வயதுகளையும் இன்னொரு தடவை படித்தாள். அறுபத்தொன்று. நாற்பத்துநாலு. பத்தொன்பது. அந்தக் கட்டில்களுக்குப் பக்கத்திலும் யாராவது ஒருவர், நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்.